கொசுறு இல்லாத இயங்குதளம்

பட்டன் கடைக்காரர் வீட்டில் பிறந்தும் பேரம் பேசத் தெரியாத பிள்ளை ஒன்று உண்டென்றால் அது சின்னவள்தான். அவள் அக்கா பெரியவளுக்கு அந்த வித்தை தாய்ப்பாலோடு வந்தது. வாங்க வந்தவர் வேண்டாம் என்று படியிறங்கினால், நிஜமாகவே போகிறாரா, கூப்பிடட்டும் என்று நடக்கிறாரா என்பதை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கூப்பிடுவதற்காக நடக்கிறவரின் குதிகால் தரையில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. சின்னவளோ, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நம்பி, காட்டிய சரக்கை அப்போதே உள்ளே எடுத்து வைத்துவிடுகிற ரகம். இவள் கல்லாப் பக்கம் வராமல் இருப்பதே கடைக்குச் செய்யும் உபகாரம் என்று அப்பா காலத்திலேயே அவளை மாடியறைக்கு அனுப்பிவிட்டார்கள். போனவள் அங்கேயே நிலைகொண்டுவிட்டாள்.

அப்பாவுக்குப் பிறகு கடை பெரியவள் கைக்கு வந்தது. சின்னவள் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மெக்கானிக் ஆனாள். கிரீஸ் படிந்த கையோடு வீட்டுக்கு வருவாள், சோப்புப் போட்டுக் கழுவுவாள், லீவு நாள் வந்தால் மாடியேறிவிடுவாள். அங்கே அவள் செய்துகொண்டிருந்தது ஓர் இயங்குதளம், அவள் பாஷையில் ஓ.எஸ்.

இயங்குதளம் என்றால் வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டரில் கரண்ட் பாய்ந்ததும் முதலில் கண் விழித்து, கீபோர்டே நீ இதைச் செய், திரையே நீ அதைக் காட்டு என்று எல்லாரையும் வேலைக்கு ஏவுகிற மேஸ்திரி. ஊரெல்லாம் யாரோ செய்து கொடுத்த மேஸ்திரியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது, என் மேஸ்திரியை நானே மண் பிசைந்து செய்வேன் என்று கிளம்புகிற ஒரு கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. கூலியும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. பெரும்பாலும் முடிப்பதும் கிடையாது. சின்னவள் எத்தனையாவது முறையாக முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள் என்பதை அவளே எண்ணுவதை விட்டிருந்தாள்.

இந்த முயற்சியில் அவளுக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. அதே கம்பெனியில் உதிரிபாகப் பிரிவில் உட்கார்ந்திருப்பவன். பேர் வால்பேப்பர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. ஆனால் திரையில் ஓர் எழுத்துகூடத் தோன்றாத இயங்குதளத்துக்கு, பின்னணியில் போடச் சூரியோதயப் படம் வரைந்துகொண்டு வந்த அன்றே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் சின்னம் வரைந்தான். இணையதளம் போட்டான். ஆர்வலர் குழு என்று ஒன்றைத் திறந்து, அதில் ஆறேழு பேர் சேர்ந்து, இந்த இயங்குதளத்தில் திரை ஜன்னல்களின் மூலை வளைவாக இருப்பதா கூராக இருப்பதா என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். ஜன்னல்தான் இன்னும் வரவில்லை.

நிலவரம் இப்படியிருக்க, ஒரு லீவு நாள் காலையில் பெரியவள் அளவு டேப்போடு மாடியேறி வந்தாள். அவள் மாடியேறுவது லேசான காரியமில்லை. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை பேசும். வந்ததும் வராததுமாகச் சுவரின் ஒரு முனையில் டேப்பை வைத்தாள்.

"இதைப் பிடிடி."

"எதுக்கு?"

"இந்த ரூம் வேணும். பள்ளிக்கூடம் திறக்கிற சீசன் வருது. யூனிஃபார்ம் ஜிப்பு மூட்டை மூட்டையா இறங்கும். என் தலைமேலயா வச்சுக்க முடியும்?"

"அக்கா, இங்க வேலை நடக்குது."

"என்ன வேலை?" பெரியவள் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டாள். "சொல்லு, கேக்குறேன். இது என்ன பண்ணும்?"

சின்னவளுக்கு முகம் மலர்ந்தது. இத்தனை காலத்தில் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓடவிடுவது, நினைவகத்தைப் பங்கு பிரிப்பது, அடுத்து ஜன்னல்கள், அதற்கடுத்து இணையம், முடிந்தால் பாட்டு என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"என்ன பண்ணப் போகுதுன்னு கேக்கல. என்ன பண்ணும்?"

"இப்போதைக்கு... வணக்கம்னு காட்டும்."

"காட்டிட்டு?"

"நின்னுடும்."

"வணக்கம் சொல்லிட்டு நின்னுக்கிட்டே இருக்கிற ஆளை நான் ஒரு நாள் வேலைக்கு வச்சுக்க மாட்டேன். நீ ரூம் குடுத்து வச்சிருக்க." பெரியவள் டேப்பைச் சுருட்டினாள். "ஏண்டி, லிஃப்ட்டைச் சரி பண்ணினா முதல்ல யார் ஏறுவா?"

"சரி பண்ணினவதான். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவை. அப்புறம்தான் மத்தவங்களை விடுவோம்."

"இதுல நீ ஒரு தடவையாவது ஏறியிருக்கியா? ஏதாவது ஒரு வேலைக்கு, உனக்குன்னு?"

சின்னவள் ஏறியதில்லை. அவள் சொந்த வேலைக்கெல்லாம் ஊரார் பயன்படுத்தும் இயங்குதளத்தைத்தான் பயன்படுத்தினாள். தன்னுடையதைச் செய்வதற்கே அதைத்தான் பயன்படுத்தினாள். அவள் கண் கீழ்த்தளத்தை நோக்கிப் போனது.

கீழே கடையில் தரையிலிருந்து கூரைவரை இழுப்பறைகள். சக்கரம் வைத்த ஏணி ஒன்று. வாடிக்கையாளர்கள், பட்டன் ஒட்டிய மாதிரி அட்டையைத் தடவிப் பார்த்து நம்பரைச் சொல்வார்கள். எந்த நம்பர் எந்த இழுப்பறையில் என்ற பட்டியல் கல்லாமேல் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஆனால் அது எழுந்து, பல் விளக்கி, முகம் கழுவி வருவதற்குள் வந்தவர் எதிர்க்கடையில் பையை நிரப்பிக்கொண்டு போய்விடுவார். எழுந்து முடித்த நேரம் பார்த்துக் கரண்ட் கண் சிமிட்டும், மறுபடி முதலிலிருந்து. அதனால் பெரியவள் ஞாபகத்தை நம்பியே ஏணி ஏறினாள். ஞாபகம் தப்பும்போதெல்லாம் முழங்கால் அபராதம் கட்டியது.

"உன் கடைக்கே செஞ்சு தரேன்க்கா" என்றாள் சின்னவள். "கல்லாக் கம்ப்யூட்டர்ல என்னோட ஓ.எஸ்.ஸே ஓடும். நம்பர் போட்டா இழுப்பறை காட்டும். ஸ்டாக் காட்டும், பில் போடும், ஒவ்வொரு பட்டனுக்கும் கலர் படம், ரெண்டு பேர் ஒரே நேரத்துல..."

"குறை."

"என்னது?"

"சொன்னதுல பாதியாக் குறை."

கடைத்தெருவின் சரித்திரத்தில் முதல்முறையாக, வாங்குகிறவள் சரக்கு குறைவாகப் போதும் என்று பேரம் பேசினாள். சின்னவள் படத்தை விட்டாள். இன்னும் குறை என்றாள் அக்கா. பில்லை விட்டாள். இன்னும். ஸ்டாக் கணக்கையாவது வைத்துக்கொள்கிறேனே என்று கெஞ்சினாள். பெரியவள் அசையவில்லை.

"ஒண்ணே ஒண்ணு குடு. நம்பரைத் தட்டினா இழுப்பறை எங்கன்னு சொல்லணும். கரண்ட் போயிட்டு வந்தா, நான் பெருமூச்சு விட்டு முடிக்கிறதுக்குள்ள திரும்ப நிக்கணும். வேற எதுவும் வேணாம்."

"புதுச் சரக்கு வந்தா பட்டியல்ல சேக்கணுமே?"

"லீவு நாள்ல நீ இங்க உக்காந்து சேத்துக் குடு."

"அக்கா, அப்படி ஒண்ணு செஞ்சா அதை ஓ.எஸ்.னே யாரும் மதிக்க மாட்டாங்க."

"யாரு அந்த யாரும்?"

"குழுவுல இருக்கிறவங்க."

"அவங்க பட்டன் வாங்குறவங்களா?"

பிறகு பெரியவள் நிபந்தனையைச் சொன்னாள். சீசன் திறக்கும் காலையில் அது கல்லாவில் ஓட வேண்டும். ஓடினால் மாடியறை சின்னவளுக்கே, அதைப்பற்றி இனி மூச்சுவிடப் போவதில்லை. ஓடாவிட்டால் அறையிலிருக்கும் அத்தனை இரும்பும் பழைய சாமான்காரரின் வண்டிக்குப் போகும். அதோடு இயங்குதளம் என்ற பேச்சும் போகும். "எட்டாவது தடவை ஆரம்பிக்கிறேன், ஒம்பதாவது தடவை ஆரம்பிக்கிறேன்னு வந்து நிக்கக் கூடாது. அன்னியோட முடிஞ்சது."

சின்னவள் தன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேர வித்தையை முயன்றாள். "அப்படின்னா வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கத் தொடங்கினாள். அக்கா கூப்பிடவில்லை. பாதிப் படியில் நின்றாள். மேலே டேப்பை மறுபடி இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி ஏறி வந்தாள்.

"சரி."

"குதிகால் ரொம்ப நேரம் தங்கிச்சு" என்றாள் பெரியவள்.

மறு லீவு நாளிலிருந்து சின்னவள் எழுதியதைவிட அழித்ததே அதிகம். பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் பகுதி, அவளுடைய இரண்டு மழைக்காலங்களைத் தின்றது, அதுவும் போனது. நினைவகப் பங்கீடு போனது. கைவளையலைக் கழற்றி அடகுக்கடை மேசையில் வைப்பதுபோல ஒவ்வொன்றையும் கழற்றினாள். மிஞ்சியது மூன்றே: கீபோர்டில் தட்டுவதைக் கேட்பது, பட்டியலில் தேடுவது, திரையில் காட்டுவது.

வால்பேப்பர் வந்து பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டான்.

"ஜன்னல் எங்க?"

"எடுத்துட்டேன்."

"இணையம்?"

"கல்லாவுல இருந்துக்கிட்டு யாரோட பேசப் போகுது?"

"குழுவுல என்ன சொல்றது? அடுத்த வெளியீட்டுல வளைஞ்ச மூலைன்னு அறிவிச்சிருக்கேன்."

"நேராயிடுச்சுன்னு சொல்லு." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "உனக்கு ஒரு வேலை இருக்கு. செய்வியா?"

"சின்னம் மாத்தணுமா?"

"எண். சைபர்லேர்ந்து ஒம்பது வரைக்கும். அக்கா கண்ணாடி போடாம, ஏணி உச்சியில நின்னு திரும்பிப் பாத்தாலும் தெரியணும். மூணும் எட்டும் குழம்பக் கூடாது."

இதுவா வேலை என்று வால்பேப்பர் முனகினான். ஆனால் எடுத்துக்கொண்டு போனவன் ஓவியன். கடை மூடும் நேரத்தில் வந்து, ஏணியில் தானே ஏறி நின்று, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எட்டின் இடுப்பை இறுக்கி, மூன்றின் வாயை அகலத் திறந்து, திரை அகலத்துக்குப் பத்து எண்களை வரைந்து கொடுத்தான். அவன் அதுவரை வரைந்த சூரியோதயங்கள் எதிலும் அவ்வளவு உழைப்பு இருந்ததில்லை.

எல்லாம் சேர்ந்து ஓடியது. எங்கே ஓடியது என்பதில்தான் விஷயம். இந்தக் கூட்டத்தார் தங்கள் இயங்குதளத்தை நிஜ கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது அபூர்வம். கம்ப்யூட்டருக்குள்ளேயே கம்ப்யூட்டர்போல நடிக்கும் ஒரு நிரல் உண்டு. சின்னவள் அதைப் பொம்மை என்பாள். பொம்மையில் போட்டுப் பார்ப்பது சுலபம், நொடியில் திறக்கும், நொடியில் மூடும். பொம்மையில் எந்த நம்பரைத் தட்டினாலும் இழுப்பறை பளிச்சென்று வந்தது. சின்னவள் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை தட்டிப் பார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை.

கடைக்கு வார விடுமுறையான ஒரு நாள், அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கல்லாக் கம்ப்யூட்டரில் செருகினாள். பெரியவள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டதும், அவள் பெருமூச்சை ஆரம்பிப்பதற்குள் திரை கேட்டது: நம்பர்?

"பரவால்லையே" என்றாள் பெரியவள். அவள் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ்.

சின்னவள் கோட்டுப் பட்டன் ஒன்றின் நம்பரைத் தட்டினாள். வால்பேப்பரின் அழகான பெரிய எண்களில் வந்தது: வரிசை ஒன்பது, அறை எழுபத்தேழு.

"ஒம்பதாவது வரிசைன்னா கூரையைத் தாண்டி மொட்டைமாடிக்குப் போகணும்" என்றாள் பெரியவள். "அங்கதான் பக்கத்து வீட்டுத் துணி காயுது. அதுல பட்டன் இருந்தாலும் இருக்கும்."

மறுபடி தட்டினாள். இந்தமுறை இழுப்பறையே இல்லை, என்னவோ கோடும் புள்ளியும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். வேறு விதமான கோடும் புள்ளியும். பென் டிரைவை மாடிக்குக் கொண்டுபோய்ப் பொம்மையில் போட்டாள். சமர்த்தாக ஓடியது. கீழே கொண்டுவந்தாள். கிறுக்குப் பிடித்தது.

பெரியவள் எழுந்து, போகும்போது தோளில் ஒரு தட்டு தட்டினாள். ஏளனமாகத் தட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். பரிவாகத் தட்டியதுதான் தாங்கவில்லை.

மறுநாள் மதிய உணவு நேரத்தில் வால்பேப்பர் கதையைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவை ஓரமாக வைத்தான்.

"எனக்கு அப்பவே தெரியும். அஸ்திவாரம் சரியில்ல. பழைய மொழி, பழைய முறை. இப்ப ஒரு புது மொழி வந்திருக்கு, இந்த மாதிரி தப்பெல்லாம் அதுல வரவே வராது. முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். இந்தத் தடவை ஒழுங்கா. பேர்கூட யோசிச்சு வச்சிருக்கேன்."

சின்னவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. புதிதாக ஆரம்பிப்பதன் ருசி அவளுக்குத் தெரிந்ததுபோல வேறு யாருக்குத் தெரியும்? காலியான கோப்பு. ஒரு தப்பும் இல்லாத முதல் வரி. அந்த முதல் வாரங்களின் வேகம். அவள் ஒவ்வொரு முறையும் சரியாக இந்த இடத்தில்தான், ஒன்று கிறுக்குப் பிடித்து ஏன் என்று புரியாத இடத்தில்தான், புதிய கோப்பைத் திறந்திருக்கிறாள். அறையில் கிடந்த பழைய முயற்சிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே இடத்தில் செத்துப்போனவை. அது அவளுக்கு இப்போதுதான், கையில் சாப்பாட்டோடு, உறைத்தது.

"ஆரம்பிக்கல" என்றாள்.

"கொஞ்சம் யோசி..."

"ஒரு லிஃப்ட் மூணாவது மாடியில சிக்கினா நாம கட்டடத்தையா இடிக்கிறோம்? போய் மூணாவது மாடியில நின்னு பாப்போம். நான் பொம்மையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். சிக்கினது கல்லாவுல."

அன்று மாலையிலிருந்து பொம்மையை மூடிவைத்தாள். வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்து, பெரியவள் சரக்கை அடுக்கி முடிக்கும்வரை கல்லாவிலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் எழுதிக் காட்டவைத்தாள். வாடிக்கையாளர் வந்தால் ஒதுங்கிக்கொண்டாள். "இவங்க என்ன பண்றாங்க?" என்று யாரோ கேட்டபோது, "கம்ப்யூட்டருக்கு நாடி பாக்குறா" என்றாள் பெரியவள்.

ஒரு மாலை கோட்டு மாஸ்டர் வந்தார். கோட்டு தைப்பதில் கெட்டிக்காரர், காத்திருப்பதில் குழந்தை. ஒரு நம்பரைச் சொன்னார். சின்னவள் பழக்கத்தில் அதைத் தட்டினாள். கிறுக்கு விடை வந்தது. எரிச்சலில் ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள், பிளக்கைப் பிடுங்கவில்லை. திரை திரும்ப வந்து நம்பர் கேட்டது. அவள் ஒரு விசையைக்கூடத் தொடுவதற்கு முன், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் வரியில் கோட்டு மாஸ்டரின் நம்பர் உட்கார்ந்திருந்தது.

சின்னவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். யாரும் தட்டாத நம்பர் எங்கிருந்து வந்தது? போன முறை தட்டியது அழியாமல் அப்படியே கிடக்கிறது. அப்படியென்றால் பிளக்கைப் பிடுங்கும்போது வேறு குப்பை கிடக்கிறது. அவள் எழுதியதோ, ஆரம்பத்தில் அந்த இடம் சுத்தமாக, பூஜ்யமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதியது. பொம்மைக்குள் ஒவ்வொரு முறையும் எல்லாம் பூஜ்யமாகவே இருந்தது, ஏனென்றால் அது பொம்மை. நிஜ கம்ப்யூட்டருக்கு முன்ஜென்ம ஞாபகம் உண்டு. எத்தனை விசை தட்டப்பட்டிருக்கிறது என்ற எண்ணிக்கையே பழைய குப்பையிலிருந்து தொடங்கினால், தேடுவது எப்படிச் சரியாகும்?

கோட்டு மாஸ்டர் போன பிறகு அக்காவிடம் சொன்னாள். பெரியவள் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரு. முன்னாடி இருந்தவன் காலி பண்ணிட்டுப் போன கடையை வாடகைக்கு எடுத்திருக்க. பெருக்காம சரக்கை இறக்கிட்ட."

"ம்."

"பட்டன் கடைக்காரர் பொண்ணு."

"போதும்க்கா."

"இத்தனை நாளா அதுக்கா நாடி பாத்த?"

தொடங்கியதும் தன் இடத்தை முதலில் பூஜ்யமாக்கிவிட்டு மற்ற வேலையைப் பார் என்று நாலைந்து வரிகள். அவ்வளவுதான் மருந்து. எழுதி, செருகி, பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள், ரீஸ்டார்ட் அழுத்தினாள், மறுபடி பிடுங்கினாள். கோட்டு மாஸ்டரின் பட்டன் ஒவ்வொரு முறையும் ஆறாவது வரிசையில், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. சின்னவள் குதிக்கவில்லை. பட்டியலின் முதல் நம்பரை எடுத்து, இந்தமுறை கல்லாவிலேயே, ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினாள்.

அது ஓடத் தொடங்கியதும் பெரியவளுக்கு ஆசை முளைத்தது. ஆசை யாரை விட்டது.

"ஏண்டி, இதுலயே ஒரு சின்ன பில்லு..."

"இல்ல."

"பில்லு வேணாம். எந்தப் பட்டன் தீரப்போகுதுன்னு மட்டும் ஒரு ஓரத்துல காட்டுமா?"

"அக்கா, ஒண்ணுதான்னு பேசினோம்."

"இத்தனை வாங்கறேன், ஒரு கொசுறு கிடையாதா?"

"கொசுறு கிடையாது" என்றாள் சின்னவள். சொன்ன பிறகு, அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

சீசன் திறக்கும் காலை வந்தது. சின்னவள் லீவு போட்டிருந்தாள். ஜிப் மூட்டைகள் வாசலை அடைத்துக்கொண்டு, மாடிக்கா வேறெங்கா என்று முடிவாகாமல் நின்றன. தெருக்கோடியில் பழைய சாமான்காரரின் வண்டியும் நின்றது. அது தினமும் நிற்பதுதான், ஆனாலும் சின்னவள் கண்ணில் அன்றைக்குத்தான் பட்டது. வால்பேப்பர் வேடிக்கை பார்க்க வந்து ஓரமாக நின்றான்.

பெரியவள் கல்லாவுக்குப் பின்னால் போகாமல், முன்னால் ஸ்டூலைப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்தாள்.

"நீ அந்தப் பக்கம் போ."

"நானா? எனக்கு எது எங்க இருக்குன்னே தெரியாதே."

"அதனாலதான். நான் தட்டினா பாதி எனக்கே தெரியும், அது என்ன பரீட்சை? சரி பண்ணினவ முதல்ல ஏறணும். உங்க ரூல்தானே?"

சின்னவள் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றாள். விரட்டப்பட்ட நாளிலிருந்து அந்தப் பக்கம் வியாபாரத்துக்காக நின்றதில்லை. கூட்டம் வரத் தொடங்கியது. முதல் ஆளே கோட்டு மாஸ்டர்.

"உங்க அக்கா எங்கம்மா?"

"இங்கதான் இருக்கேன் மாஸ்டர்" என்றாள் பெரியவள் ஸ்டூலிலிருந்து. "ஆனா இல்ல. அவகிட்ட கேளுங்க."

மாஸ்டர் ஒரு நம்பரைச் சொன்னார். அவர் பின்னால் யூனிஃபார்ம் தைப்பவர்கள் இருவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். சின்னவள் தட்டினாள். வரிசை ஏழு, அறை மூன்று. ஏணியைத் தள்ளிக்கொண்டு போய் ஏறினாள். உச்சியில் ஒரு கையை நீட்டும்போது விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, திரை கறுத்தது.

சின்னவளுக்கு ஏழு ஞாபகமிருந்தது. அறை ஞாபகமில்லை. மூன்றா, எட்டா? கீழே மாஸ்டர் வாயைத் திறந்தார். "இதுக்குத்தான் நான் எதிர்க்கடைக்கே..."

விளக்கு வந்தது. எதிர்க்கடையிலும் வந்தது. அங்கே கல்லாவில் நின்றவர் இருட்டுத் திரையைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார், அவருக்கு அந்தக் காத்திருப்பு பழக்கம். இங்கே மாஸ்டர் "எதிர்க்கடைக்கே" என்ற வார்த்தையை முடிக்குமுன் திரை நம்பர் கேட்டது.

"வால்பேப்பர்" என்றாள் ஏணியிலிருந்து. "மாஸ்டர் சொன்னதைத் தட்டு."

அவன் பாய்ந்து போய்த் தட்டினான். சின்னவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து, அகலத் திறந்த வாயோடு மூன்று தெரிந்தது. மூன்றாவது அறையை இழுத்தாள். மாதிரி அட்டையில் இருந்த அதே பட்டன், நான்கு துளை, கரும்பழுப்பு. டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கி மாஸ்டர் முன்னால் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பல்லில் கடித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"இதுதான். எங்க, இன்னொரு நம்பர் சொல்றேன்."

அவர் சொன்னார். பின்னாலிருந்தவர்கள் சொன்னார்கள். கரண்ட் மறுபடி போனது, வந்தது. யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஒரு தடவைகூட சின்னவள் தப்பான இழுப்பறையைத் திறக்கவில்லை. எது எங்கே என்று அவளுக்கு முன்போலவே ஒன்றும் தெரியாது.

மதியம் கூட்டம் தணிந்தபோது பெரியவள் எழுந்து, வாசலில் நின்ற மூட்டைக்காரரிடம் போனாள். "இதெல்லாம் மாடிக்கு இல்ல" என்றாள். "ஏணிக்குக் கீழ, அந்தச் சந்துல, எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில. எங்க இடமிருக்கோ அங்க." பேசிய பேச்சு பேச்சுதான். வணிகக் குடும்பம்.

வால்பேப்பர் சின்னவளிடம் குனிந்தான். "குழுவுல போட்டுடட்டுமா? ஓடுதுன்னு?"

"போடு. என்ன பண்ணும்னு கேட்டா ஒண்ணே ஒண்ணு பண்ணும்னு சொல்லு."

"படம்? பின்னாடி அந்தச் சூரியோதயத்தை லேசா..."

அவள் பார்த்த பார்வையில் அவன் மீதியை விழுங்கினான்.

பெரியவள் திரும்பி வந்து கல்லாவில் முழங்கையை ஊன்றினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எல்லாம் சரி. ஜிப்பையும் இதுல சேத்துடு. பட்டன் மாதிரிதானே, நம்பர்தானே."

"ஜிப்புக்கு நீளம் உண்டு, பல் உண்டு, கலர் உண்டு. அது வேற பட்டியல். வேற பேச்சு."

"அப்ப பேசு."

"சீசன் முடியட்டும். இது ஒரு சீசன் முழுக்கச் சிக்காம ஓடட்டும். அப்புறம்."

"முடியாதுங்கிற."

"இப்ப முடியாது."

"அப்படின்னா வேணாம்" என்றாள் பெரியவள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, கடையின் வாசற்படியை நோக்கி நடந்தாள். முழங்காலுக்காக மெதுவாக நடக்கிறாளா, வேறு காரணமா என்று மற்றவர்களுக்குத் தெரியாது. சின்னவள் ஏணியின் ஒரு படியில் கையை வைத்துக்கொண்டு அக்காவின் குதிகாலைப் பார்த்தாள். ஒவ்வொரு அடியிலும் அது தரையில் கொஞ்சம் கூடுதலாகவே தங்கியது.

கூப்பிடவில்லை. அடுத்து நின்றவரிடம் திரும்பி, "நம்பர்?" என்றாள்.